மாலி: துணுக்குகளை ஒதுக்கிவிட்டு வாசிப்பைப் பேசுவோமா?

கீழவீதி எழுதியது:

இந்த இழையை ஆரம்பிக்க எரிச்சல்தான் காரணம். புல்லாங்குழல் மகாலிங்கம், அதாவது மாலி பற்றி எங்கே எது வந்தாலும் முக்கால் பங்கு துணுக்கு. கச்சேரிக்கு வராமல் போனது, வந்தும் பாதியில் எழுந்தது, மேடையேறி உட்கார்ந்த பிறகும் குழலைத் தொடாமல் இருந்தது. படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. சரி, மனுஷர் எப்படி வாசித்தார் என்று கேட்டால் "மேதை", "தெய்வீகம்" என்ற இரண்டு சொல்லோடு கட்டுரை முடிந்துவிடுகிறது.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: 1926 நவம்பர் 6, திருவிடைமருதூரில் பிறப்பு. மாமா ஜால்ரா கோபால ஐயரிடம் வாய்ப்பாட்டுப் பாடம். குழலைத் தானாகவே எடுத்து ஊதிக் கற்றுக்கொண்டார். 1933இல், ஏழு வயதில், மயிலாப்பூர் தியாகராஜ உற்சவத்தில் முதல் கச்சேரி. 1986இல் பத்ம பூஷண் வேண்டாம் என்றார். அதே ஆண்டு மே 31 அன்று காலமானார், அறுபது நிறையவில்லை.

நான் வாசிக்கத் தெரியாதவன், கேட்கிறவன் மட்டும். விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அவர் குழலில் அப்படி என்னதான் மாற்றினார்?

சாவேரிப்பித்தன் எழுதியது:

நல்ல இழை. ஆனால் துணுக்கு இல்லாமல் மாலியா? நாளைக்குள் நாலு பேர் ஆரம்பித்துவிடுவார்கள் பாருங்கள் :)

மூங்கில்காடு எழுதியது:

வாசிக்கிறவன், சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நம் குழலில் ஊதுதுளை போக எட்டுத் துளை. ஊதுதுளைப் பக்கமிருந்து முதல் இரண்டு துளையை மூடினால் ஸட்ஜம் (ஸ). ஒன்றை மட்டும் மூடினால் சதுச்ருதி ரிஷபம் (ரி). எல்லாவற்றையும் திறந்தால் அந்தர காந்தாரம் (க). இதுவரை குழந்தைகூட ஊதிவிடும். அதற்கடுத்த மத்யமத்துக்கு (ம) போகவேண்டுமென்றால், எல்லாம் திறந்திருந்த இடத்தில் பல விரல்கள் ஒரே கணத்தில் விழவேண்டும், ஊதும் அழுத்தமும் மாறவேண்டும். பாடுகிறவருக்குக் காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்கு வழுக்கிக்கொண்டு போவது ஒரு சிரமமும் இல்லை. குழலில் அங்கே ஒரு வெட்டு விழும். துளைகளுக்கு இடையே வழி கிடையாது, தாண்டித்தான் போகவேண்டும்.

இப்போது தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்தையும் மத்யமத்தையும் தொட்டுத் தொட்டு அசைந்தால்தான் அது தோடி. சும்மா துளையைத் திறந்து மூடினால் மூன்று தனித்தனி ஸ்வரம் டக் டக்கென்று கேட்கும், ராகம் செத்துப்போகும். துளையைக் கால்வாசி, அரைவாசி திறக்கிற அளவு கையில் ஊறியிருக்கவேண்டும். விரல் துளை விளிம்பின்மேல் உருளவேண்டும், எழும்பிக் குதிக்கக் கூடாது. விரல் எட்டாத மிச்ச தூரத்தை உதடு கொண்டுபோகும். குழலை உதட்டில் ஒரு நூல் உள்பக்கம் திருப்பினால் ச்ருதி இறங்கும், வெளிப்பக்கம் திருப்பினால் ஏறும். விரல், உதடு, மூச்சு மூன்றும் ஒரே கமகத்துக்காக, அதாவது ஸ்வரத்தின் அந்த ஓர் அசைவுக்காக, சேர்ந்து அசையவேண்டும்.

மாலி மாற்றியது இதைத்தான். குழலில் ஸ்வரம் வாசிப்பது போய் குழல் பாட ஆரம்பித்தது. அவர் குழலைப் பிடித்த முறையைக் கிளிப்பிடி என்பார்கள். பாதித்துளை வேலையும் வழுக்கலும் அந்தப் பிடியில்தான் அவருக்குக் கைவந்தன. இன்று நாங்கள் முதல் வருஷ மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற பல விஷயங்களை அந்தப் பையன் யாரும் சொல்லாமல் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும்.

காவேரிக்கரை எழுதியது:

மூங்கில்காடு சொன்னதற்கு முன்கதை ஒன்று உண்டு. அதைச் சேர்க்காவிட்டால் மாலி வானத்திலிருந்து குதித்தவர் மாதிரி ஆகிவிடும்.

குழல் கோயிலிலும் பஜனையிலும் எப்போதும் இருந்ததுதான். அதைத் தனிக்கச்சேரி வாத்தியமாக மேடையேற்றியவர் கும்பகோணம் சரப சாஸ்திரி. கண்பார்வை இல்லாதவர். 1872இல் பிறந்து 1904இல் போய்விட்டார், முப்பத்திரண்டு வயதுகூட ஒரு பெரிய ஆயுளா? அவருடைய சிஷ்யர் பல்லடம் சஞ்சீவ ராவ். மாலி மேடைக்கு வரும்வரை குழல் என்றால் ஜனங்களுக்குச் சஞ்சீவ ராவ்தான். 1943இல் சங்கீத கலாநிதி (சென்னை மியூசிக் அகாடமியின் விருது). சுத்தமான, துல்லியமான, துத்துகாரம் நிறைந்த வாசிப்பு. நாக்கால் தட்டித் தட்டி ஸ்வரத்தை எடுப்பார்கள், வேகத்தில் அது முத்துமுத்தாக விழும். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு மாலியின் வழுக்கல் முதலில் எவ்வளவு விநோதமாக இருந்திருக்கும்!

இன்னொரு கிளையையும் மறக்கக் கூடாது. திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை, 1953இல் சங்கீத கலாநிதி. நாகஸ்வரக் குடும்பம். அவரிடம் கற்ற டி. விஸ்வநாதன் வீணை தனம்மாளின் பேரன், நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி. அக்காவின் அபிநயத்துக்கு வாசித்தவர், வாசிப்புக்கு நடுவே குழலை இறக்கிவிட்டுப் பாடவும் செய்வார். பிற்பாடு அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல காலம் சொல்லிக்கொடுத்தார். ஆகவே குழலைப் பாட வைத்தது மாலி ஒருவர் மட்டும்தான் என்பதை நான் ஏற்கவில்லை. திருப்பாம்புரத்தார் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். மாலியின் வீச்சு பெரிது, அவ்வளவுதான்.

மூங்கில்காடு எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் காவேரிக்கரை. விஸ்வநாதன் வாசித்த பதங்களை (அபிநயத்துக்கான மெதுவான பாட்டுகளை) கேட்டுவிட்டு யாரும் மறுக்கமுடியாது. ஆனால் துத்துகாரத்தைப் பழையது என்று தள்ளிவிடவேண்டாம். மாலியும் நாக்கை உபயோகித்தார். எங்கே தட்டுவது, எங்கே மூச்சை மட்டும் விடுவது என்று தேர்ந்தெடுத்தார். சாஹித்யத்தில் அக்ஷரம் விழுகிற இடத்தில் நாக்கு, சொல் நீளுகிற இடத்தில் மூச்சு. அதனால்தான் கீர்த்தனையின் வார்த்தைகள் காதில் விழுகிற மாதிரி இருக்கும். வாய்ப்பாட்டில் ஆரம்பித்த பையன் அல்லவா.

கச்சேரிக்கணக்கு எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் துணுக்குகளை ஒதுக்கிவிடுவோம் என்கிற தலைப்பே எனக்கு உறுத்துகிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து வந்து, கலைஞர் வரவில்லை என்று திரும்பிப்போனவனுக்கு அது துணுக்கு இல்லை. பந்தல் போட்டு, மைக் செட்டுக்கு முன்பணம் கொடுத்து, பக்கவாத்தியக்காரர்களுக்குப் போகவரச் செலவு கொடுத்த சபா செயலாளருக்கும் அது துணுக்கு இல்லை. எங்கள் ஊர்க் கோயில் உற்சவக் கமிட்டியில் எங்கள் அப்பா இருந்தார். ஒரு வித்வான் (மாலி இல்லை, பேர் வேண்டாம்) வராமல் போன ராத்திரி, கூட்டத்துக்குப் பதில் சொன்னது அப்பா. மறுவருஷம் கமிட்டியிலிருந்தே விலகிவிட்டார்.

மேதைக்கு எல்லாம் மன்னிப்பு என்று நாமே எழுதி எழுதி, வராமல் போவதையே ஒரு பெருமையாக்கி வைத்திருக்கிறோம். குடிப்பழக்கம் அவரை எவ்வளவு தின்றது என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் பதிவு செய்திருக்கிற விஷயம். அதை "ஞானியின் விளையாட்டு" என்று பூசி மெழுகவேண்டாம்.

சாவேரிப்பித்தன் எழுதியது:

சொன்னேன் இல்லையா, ஆரம்பித்தாயிற்று.

கீழவீதி எழுதியது:

கச்சேரிக்கணக்கு சார், பூசி மெழுகச் சொல்லவில்லை. நீங்கள் சொல்வது நியாயமான கோபம். நான் கேட்பது, அந்தக் கோபத்தையும் சேர்த்து எல்லாமே கதையாகிவிட்டது, கேட்பது நின்றுவிட்டது என்பதைத்தான். மாலி என்றதும் சிரித்துக்கொண்டே ஒரு சம்பவம் சொல்கிறவரிடம் "அவருடைய காம்போதி ராகம் கேட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

தீம்தகிட எழுதியது:

லயப் பக்கத்திலிருந்து நானும் கொஞ்சம்.

மிருதங்கம் கற்கிறவர்களுக்கு மாலியின் டேப்பைக் கேட்கச் சொல்வது வழக்கம். அவருக்கு வாசித்தவர்கள் யார் என்று பாருங்கள்: பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்ரமணிய பிள்ளை. வயலினில் மைசூர் சௌடையா, பாப்பா வெங்கட்ராமையா. இவர்களெல்லாம் சாதாரணமாக ஒருவருக்கு வளைந்து கொடுக்கிறவர்கள் இல்லை.

கவனிக்கவேண்டியது அவர் விடுகிற இடைவெளி. காலப்பிரமாணம், அதாவது வாசிப்பின் வேகம், நன்றாகக் கீழே இருக்கும். ஒரு சின்னச் சொற்கட்டு, பிறகு ஒன்றுமில்லை. அரை ஆவர்த்தம், தாளச் சுற்றில் பாதி, சும்மா. கேட்கிறவன் அடுத்தது இங்கே விழும் என்று மனசில் ஓர் இடம் பிடித்து வைத்திருப்பான், அவர் அதற்கு ஒரு மாத்திரை தள்ளி எடுப்பார். சமம் (தாளச் சுற்று தொடங்கும் இடம்) மட்டும் தவறாது. அந்த வெறும் இடத்தில் மிருதங்கக்காரர் என்ன செய்கிறார் என்பதுதான் பாடம். மணி ஐயர் பல இடங்களில் ஒன்றுமே செய்யமாட்டார். இரண்டு பேரும் சும்மா இருக்க, தாளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அந்தத் தைரியம் எங்கள் வயசில் யாருக்கும் கிடையாது. நாங்கள் இடைவெளியைப் பார்த்தால் உடனே ஒரு மோராவை (முடிப்புச் சொற்கட்டை) வைத்து அடைத்துவிடுவோம்.

கணக்கும் அப்படித்தான். அவர் கணக்கில் புலி. ஆனால் அது கணக்கு என்று தெரிகிற மாதிரி வாசித்தது குறைவு.

ஆறுதுளை எழுதியது:

நான் பன்சுரி, அதாவது ஹிந்துஸ்தானிக் குழல் பக்கம். ஒப்பிடலாமா?

ஹிந்துஸ்தானியில் எங்களுக்குப் பன்னாலால் கோஷ். 1911இல் வங்காளத்தின் பரிசாலில் பிறந்தார், 1960இல் மறைந்தார். காலத்தால் கிட்டத்தட்ட மாலியோடு சேர்ந்தவர், வேலையும் அதே வேலை: நாட்டுப்புற வாத்தியத்தைக் கயால் (ஹிந்துஸ்தானியின் முக்கியப் பாட்டு வகை) பாட வைப்பது. அவர் கண்ட வழி வேறு. குழலையே மாற்றினார். நீளமான, கனத்த நாதம் கொண்ட பெரிய மூங்கிலை எடுத்தார், கூடுதலாக ஏழாவது துளை ஒன்று போட்டார். மாலி இருந்த குழலை வைத்துக்கொண்டு கையை மாற்றினார், பன்னாலால் மூங்கிலையே மாற்றினார்.

அடுத்து ஹரிபிரசாத் சௌராசியா. 1938, அலகாபாத். அப்பா மல்யுத்தக்காரர், மகனும் பயில்வான் ஆகவேண்டும் என்று ஆசை. பையன் ஒளிந்து ஒளிந்து சங்கீதம் படித்தார். 1957இல் கட்டாக் வானொலி நிலையத்தில் வேலை, அப்புறம் பம்பாய், சினிமா ஸ்டுடியோ. நல்ல வருமானம் வந்துகொண்டிருக்கும்போதே ஹிந்துஸ்தானி குரு அன்னபூர்ணா தேவியிடம் போய் நின்றார். முதலிலிருந்து கற்கத் தயார் என்று காட்ட, குழலைப் பிடிக்கும் பக்கத்தையே வலதிலிருந்து இடதாக மாற்றிக்கொண்டார். வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று. விரல்களின் மொத்த ஞாபகத்தையும் அழித்துவிட்டு ஆரம்பிப்பது.

மாலிக்கு அப்படி ஒரு வாசல் இல்லை என்பதுதான் எனக்குப் படுகிறது. "இது போதாது, திரும்ப வாசி" என்று குழலைத் தெரிந்த ஒருவர் சொல்லியிருந்தால்?

நீலாம்பரி எழுதியது:

ஆறுதுளை, உங்கள் கேள்விக்கு நேர் எதிர்ப்பக்கம் நான். சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்திருந்தால் சஞ்சீவ ராவ் பாணியில் இன்னொரு நல்ல வித்வான் கிடைத்திருப்பார். மாலி கிடைத்திருக்கமாட்டார். விரலை இப்படி வைக்கக் கூடாது என்று முதல் நாளே தட்டியிருப்பார்கள்.

குரு இல்லாதது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. ஏழு வயசில் மேடை, அதுதான். விளையாடுகிற வயசில் சபை, சால்வை, பெரியவர்களின் பிரமிப்பு. ஊர் ஊராகக் கச்சேரி. குழந்தை மேதை என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம், அந்தப் பிள்ளைக்கு அது வேலை. பின்னாளில் மேடையைக் கண்டு விலகி ஓடியதற்கு இதுவே காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். நான் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். அரங்கேற்றத் தேதியைக் கேட்டுக்கொண்டு முதல் மாசமே வந்து நிற்கிற பெற்றோரை எனக்குத் தெரியும்.

கச்சேரிக்கணக்கு எழுதியது:

நீலாம்பரி அம்மா சொல்வதை யோசிக்கவேண்டும். அப்படியானால் சபாக்களுக்கும் இதில் பங்கு உண்டு. வரமாட்டார் என்று தெரிந்தே மறுபடி மறுபடி பேர் போட்டார்கள். வந்துவிட்டால் வரலாறு, வராவிட்டால் பேச்சு. இரண்டும் சபாவுக்கு விளம்பரம்தான்.

காவேரிக்கரை எழுதியது:

சிஷ்யர்கள் பக்கமும் பார்த்தால்தான் படம் முழுசாகும். என். ரமணி, 1934இல் திருவாரூரில் பிறந்தவர். முதல் குரு தாத்தா ஆழியூர் நாராயணசாமி ஐயர், அப்புறம் மாலி. கையில் மாலியின் விரல், வாழ்க்கையில் மாலிக்கு நேர்மாறு. சொன்ன தேதிக்கு வருவார், சொன்ன நேரத்துக்கு ஆரம்பிப்பார், இரண்டரை மணி நேரம் ஒழுங்காக வாசித்துவிட்டு மங்களம். லால்குடி ஜெயராமன் வயலின், வெங்கட்ராமன் வீணை, இவர் குழல் என்று வயலின்-வேணு-வீணைக் கச்சேரிகள் 1966 முதல் உலகம் சுற்றின. ஹிந்துஸ்தானிப் பெரிய குழலைப் பார்த்து நம் சங்கீதத்துக்கும் நீளக்குழலைக் கொண்டுவந்ததும் அவர்தான். 1996இல் சங்கீத கலாநிதி, 2015இல் காலமானார்.

"ரமணியிடம் மாலியின் மின்னல் இல்லை" என்று சிலர் சொல்வதுண்டு. இருக்கட்டும். மாலியின் கண்டுபிடிப்பு ஒரு மனிதரோடு போய்விடாமல் ஒரு பாணியாக நின்றதற்கு ரமணி, டி.எஸ். சங்கரன் போன்றவர்களின் வருஷக்கணக்கான ஒழுங்குதான் காரணம். சங்கரன் பேர் வெளியே அதிகம் அடிபடவில்லை. வாசிக்கிறவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

மூங்கில்காடு எழுதியது:

சங்கரன் சார் பற்றி எழுதியதற்கு நன்றி. அவருடைய விளம்ப காலம், அந்த மெதுவான நடை!

சிக்கில் சகோதரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குஞ்சுமணி, நீலா. 2002இல் இருவருக்கும் சேர்த்துச் சங்கீத கலாநிதி. பெண்கள் குழலைத் தனிவாத்தியமாக எடுத்து மேடையில் அரை நூற்றாண்டு நிற்பது அந்தக் காலத்தில் லேசான விஷயம் இல்லை.

புதுமூச்சு எழுதியது:

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு சின்னக் கேள்வி. நான் குழல் கற்க ஆரம்பித்திருக்கிறேன், கல்லூரியில் படிக்கிறேன். இதையே தொழிலாக எடுத்தால் பிழைக்கமுடியுமா? வீட்டில் கேட்கிறார்கள். மாலி கதையைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

மூங்கில்காடு எழுதியது:

தம்பி, மாலி கதையைச் சொல்லாதே, ரமணி கதையைச் சொல் :)

உண்மையைச் சொல்கிறேன். டிசம்பர் சீசனில் முக்கிய நேரங்கள் பெரும்பாலும் வாய்ப்பாட்டுக்குப் போகும். குழல், வீணைக்கு மத்தியான நேரம் கிடைத்தாலே சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. வானொலித் தேர்வில் வாசி, முதலில் பி, பிறகு பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று படி இருக்கிறது. பரதநாட்டியக் கச்சேரிக்குக் குழல் கேட்பார்கள், அரங்கேற்ற சீசனில் வேலை இருக்கும். வகுப்பு எடுக்கலாம், ஆன்லைனில் வெளிநாட்டுப் பிள்ளைகள் நிறைய. சினிமா ரெக்கார்டிங் ஒரு தனி உலகம்: இளையராஜாவிடம் வாசித்த நெப்போலியனின் குழலைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் கிடையாது, பெயரும் முகமும் தெரிந்தவர்தான் குறைவு. இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் எங்களில் பெரும்பாலோர் பிழைக்கிறோம். ஒரு பட்டத்தை முடித்துவிட்டு வா.

நீலாம்பரி எழுதியது:

அதோடு குழல் வாங்கும்போது கடையில் பார்க்க அழகாக இருப்பதை எடுக்காதே. வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போ. நன்றாகப் பதமான மூங்கிலா, ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் சேர்கின்றனவா என்று ஊதிப் பார்க்கவேண்டும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போடுகிறவர் ஒரு நூல் பெரிதாகப் போட்டுவிட்டால் அந்த ஸ்வரம் ஏறியே நிற்கும், அதைத் திரும்ப அடைக்கமுடியாது. ஆரம்பத்தில் தலை சுற்றும், பயப்படாதே. மூச்சை வீணாக்குகிறாய் என்று அர்த்தம்.

புதுமூச்சு எழுதியது:

நன்றி அக்கா. தலை சுற்றுவது எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாலியை எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

தீம்தகிட எழுதியது:

மணி ஐயர் வாசித்தது எது கிடைத்தாலும்.

சாவேரிப்பித்தன் எழுதியது:

அவன் குழல் கற்கிற பையன், நீர் மிருதங்கத்தைக் காட்டுகிறீர்! தம்பி, ஒரு ராக ஆலாபனையை மட்டும் எடுத்துக்கொள். தோடியோ காம்போதியோ. முழுக்கச்சேரிக்கு இப்போது போகாதே. ஹெட்போன் போட்டு, மூங்கில்காடு சொன்னாரே, அந்தக் காந்தாரத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் இருக்கிற வெட்டு எங்காவது கேட்கிறதா என்று தேடு.

மூங்கில்காடு எழுதியது:

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் இருக்கிற மாலி ரெக்கார்டிங்குகளில் பல, ரசிகர்கள் கச்சேரியில் எடுத்த டேப்புகளின் பிரதிக்குப் பிரதி. டேப் ஓடிய வேகம் மாறினால் ச்ருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்தே மாறும். வேகம் கூடியிருந்தால் குழல் கீச்சென்று ஏறி, அவர் அவசரமாக வாசிக்கிற மாதிரி கேட்கும். அதைக் கேட்டுவிட்டு "மாலி என்ன இப்படி ஓடுகிறார்" என்று எழுதினவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே கச்சேரியின் இரண்டு பிரதி கிடைத்தால் இரண்டையும் தம்புராவோடு வைத்துப் பார். வேகத்தைக் குறைக்கும்போது ச்ருதியும் கூட இறங்குகிற மாதிரி அமைத்துக்கொள். சில ஆப்கள் ச்ருதியை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் குறைக்கும், அது இங்கே உதவாது.

கீழவீதி எழுதியது:

இது தெரியாமல் இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். என்னிடம் ஒரு காம்போதி இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றுக்கொன்று ச்ருதியில் முக்கால் கட்டை வித்தியாசம். எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தீம்தகிட எழுதியது:

மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது இடப்பக்கத்தைக் கேளுங்கள். ச்ருதி ஏற்றிவிட்ட பிரதியில் தொப்பியின் கும்கி (அந்தக் கனத்த நாதம்) குட்டையாக, டப்பா மாதிரி விழும். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

கச்சேரிக்கணக்கு எழுதியது:

எனக்கும் ஒரு பிரதி.